முகவரி வெறும் சரமா?



எங்கள் ஊர் புத்தலப்பட்டு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில் இருக்கிறது. தெலுங்கு நண்பர்கள் அதனைப் 'பூதலபட்டு' என்று நீட்டி அழைப்பர். தமிழர்களாகிய நாங்கள் 'புத்தலப்பட்டு' என்று அழுத்தி அழைப்போம். ஆங்கிலப் பலகைகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. மாங்கூழ் ஆலையில் வேலை கிடைத்ததென்று குடியாத்தத்தை விட்டு வந்த என் தந்தையார் இவ்வூரிலேயே தங்கிவிட்டார். குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை இன்றைக்கும் கார்டுதான் எழுதுவார். தந்தையார் பெயர், 'ஆலைக்குப் பின்புறம்', ஊர்ப் பெயர் ஆகிய மூன்றே அதில் முகவரியாக இருக்கும். அவையும் தமிழில்! எங்கள் தபால்காரருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆயினும் ஒரு கார்டாவது தவறியதாக எனக்கு நினைவில்லை.

இது எப்படி நடக்கிறது? கார்டில் அச்சிட்ட ஆறு கட்டங்களில் அத்தை 517 என்று தொடங்கும் எண்ணை எழுதிவிடுகிறார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் அது. அத்தை வீட்டு எண் 632 என்று தொடங்கும். ஐந்தில் தொடங்கினால் இந்தப் பக்கம், ஆறில் தொடங்கினால் அந்தப் பக்கம். உறவு ஒன்றுதான், எல்லைக் கோடு முதல் இலக்கத்தில் விழுந்துவிட்டது. அந்த ஆறு கட்டங்கள் கார்டை எங்கள் ஊர் வரையில் கொண்டுவந்து விடுகின்றன. அதன் பிறகு தபால்காரர் பார்த்துக்கொள்கிறார். அவர் எங்களை அறிந்தவர்; எழுத்தின் வடிவத்தைக் கண்டே 'தமிழ்க்காரர் வீட்டுக் கார்டு' என்று கண்டுகொள்பவர்.

கணிப்பொறிக்குள் அத்தகைய தபால்காரர் எவரும் இல்லை. இக்கட்டுரை சொல்லவந்தது அதைப் பற்றித்தான்.

நிரல் எழுதாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் அடியிலிருந்து நிரல் எழுதிக்கொண்டிருக்க எவராலும் இயலாது. பிறர் எழுதி வைத்த நிரல்தொகுதியை எடுத்தாள்கிறோம். அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். இணையத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவரும் நூலகத்திடம் நாம் கொடுக்க வேண்டியது அப்பக்கத்தின் முகவரி. அதைப் பெரும்பாலான நூலகங்கள் 'ஸ்ட்ரிங்'காகவே கேட்கின்றன. தமிழில் 'சரம்' என்கிறோம். நல்ல பெயர்தான். திருப்பதியில் முழம் போட்டு விற்கும் பூச்சரத்தைப் போல, எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது சரம். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்பதுதான் அதற்குத் தெரியும். இது மல்லிகை, இது கனகாம்பரம், இது நார் என்று பகுத்தறியும் அறிவு சரத்துக்கு இல்லை.

இணைய முகவரியோ பகுதி பகுதியாக அமைந்த பொருள். எந்த முறையில் செல்ல வேண்டும் என்பது ஒரு பகுதி. எந்த இடத்துக்கு என்பது ஒரு பகுதி. அங்கே எந்த வழியாக என்பது ஒன்று. கேள்விக்குறிக்குப் பின் வரும் வினவல் மற்றொன்று. டிம் பெர்னர்ஸ்-லீயும் அவர் தோழர்களும் 1994 டிசம்பரில் இதற்கு இலக்கணம் வகுத்தனர். 2005 சனவரியில் அது திருத்தி எழுதப்பட்டது. இலக்கணம் உள்ள ஒன்றை இலக்கணமற்ற சரமாக எதற்காகக் கையாள வேண்டும்? முகவரிக்கென்று தனி வகை ஒன்றை வைத்து, அந்த வகையையே நூலகங்கள் நேராக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் நான் சேர்ந்தது புத்தகம் படித்தன்று. ஒரு குற்றம் செய்து சேர்ந்தேன்.

சென்ற ஆண்டு நம் மன்றம் நடத்திய கட்டுரைப் போட்டியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வந்த கட்டுரைகளைத் தொகுத்து, நடுவர்களுக்கு இணைப்புகளை அனுப்பும் நிரலை எழுதியவன் நான். கட்டுரையின் தலைப்பையே கோப்பின் பெயராக வைத்தேன். அடிப்படை முகவரி, அதன்பின் தலைப்பு, அதன்பின் கோப்பின் வால் என்று மூன்று சரங்களைக் கூட்டல் குறியால் இணைத்தேன். ஒவ்வோர் இணைப்பும் திறக்கிறதா என்று நிரலே சோதித்துப் பார்க்கும். திறக்காததைக் 'கட்டுரை வரவில்லை' என்று ஒதுக்கிவிடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அன்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

குப்பத்திலிருந்து வந்து இங்கே பயிலும் ஒரு தங்கை எழுதிய கட்டுரையின் தலைப்பு 'எங்கள் ஊர் எது?' என்பது. ஆந்திரத்தில் பிறந்து, தமிழில் பேசி, இரண்டு பக்கமும் 'நீ அந்தப் பக்கம்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணின் உள்ளம் அதில் இருந்தது. கேள்விக்குறி இல்லாமல் அத்தலைப்பே இல்லை. இணைய முகவரியிலோ கேள்விக்குறி என்றால் 'வழி இத்துடன் முடிந்தது. இனி வினவல்' என்று பொருள். 'எங்கள் ஊர் எது' என்ற பெயருள்ள, வாலறுந்த ஒரு கோப்பை நிரல் தேடிற்று. அப்படி ஒரு கோப்பு இல்லை. 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டுரைக்குச் சென்றது.

பரிசெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு அந்தத் தங்கை என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, என் கட்டுரை நன்றாக இல்லையென்றால் பரவாயில்லை. வரவே இல்லை என்று போட்டிருக்கிறீர்களே, அது எப்படி?"

நான் என்ன விடை சொல்ல முடியும்? கோப்பு என் கையில்தான் இருந்தது. எவரும் அதைத் திறக்கவில்லை. அவள் எழுதியதை எவரும் படிக்காமலே போட்டி முடிந்துவிட்டது.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். கேள்விக்குறி வழியின் பகுதியாக வரவேண்டுமானால் அதைக் குறியாக்கம் செய்ய வேண்டும். அதாவது விழுக்காட்டுக் குறியும் அதன்பின் இரண்டு குறியெழுத்துகளுமாக மாற்றி எழுத வேண்டும். மாற்றினேன். பின்னர் அம்முகவரியை வேறொரு நூலகத்தின் கையில் கொடுத்தேன். அது மிக நல்ல பிள்ளை! நான் இட்ட விழுக்காட்டுக் குறியைக் கண்டதும், 'இதுவும் முகவரியில் வரத்தகாத குறியாயிற்றே' என்று அதனையும் ஒருமுறை குறியாக்கிவிட்டது. மறுபடியும் கோப்பு கிடைக்கவில்லை.

நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது ஏற்கெனவே குறியாக்கப்பட்டதா, இனிமேல்தான் குறியாக்க வேண்டுமா என்று சொல்லவே முடியாது. இரண்டும் எழுத்துக் கோவைகள்தாம். இரண்டும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. அந்த அறிவு என் தலையில் இருந்தது. நூலகத்துக்கு அதைச் சொல்ல வழியில்லை. முகவரி வகையாக இருந்திருந்தால், 'வழியில் இந்தத் துண்டைச் சேர்' என்று சொல்லியிருப்பேன். கேள்விக்குறியை என்ன செய்வதென்பது அந்த வகைக்குத் தெரியும். ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யாது.

இயற்பியல் பயிலும் நண்பர்களுக்கு இந்நோய் புதிதன்று. அலகில்லாத எண் எவ்வளவு கொடியது என்பதை அவர்கள் அறிவர். செவ்வாயைச் சுற்றிவர அமெரிக்கா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அழிந்தது. கணத்தாக்கை ஒரு நிரல் பவுண்டு விசை-வினாடியில் கொடுத்தது. மற்றொரு நிரல் அதை நியூட்டன்-வினாடி என்று எண்ணிக்கொண்டது. ஒன்றுக்கு மற்றொன்று ஏறத்தாழ நாலரை மடங்கு. இடையே சென்றது வெறும் எண். வெறும் எண்ணுக்கும் வெறும் சரத்துக்கும் என்ன வேறுபாடு? என் பிழையால் விண்கலம் எதுவும் விழவில்லை என்பது உண்மை. ஆனால் நோய் அதே நோய்தான்.

'இவையெல்லாம் எங்கும் உள்ள தொல்லைகள்தாமே, தமிழ் மன்றத்து ஏட்டில் ஏன் எழுத வேண்டும்?' என்று நண்பர்கள் கேட்கலாம். எழுத வேண்டிய காரணம் இருக்கிறது. சரத்தால் வரும் துன்பத்தில் பெரும்பங்கு ஆங்கிலம் அல்லாத மொழிக்காரர்களுக்கே விழுகிறது.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள். கணிப்பொறியில் அவை பதினைந்து பைட்டுகளாகின்றன. முகவரியின் வழிப் பகுதியில் வரும்போது பைட்டு ஒன்றுக்கு மூன்று குறிகளாக 45 குறிகள்! தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிய எவரும் அந்த நீண்ட கயிற்றைக் கண்டிருப்பீர்கள். நடுவில் ஒரு குறி விடுபட்டால் போயிற்று.

இதே சொல் முகவரியின் இடப் பகுதியில் வந்தால் கதை வேறு. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்ற மூன்று பெயர்களும் தமிழ் எழுத்திலேயே முகவரியின் முடிவில் வரும் உரிமை பெற்றன. எத்தனை பேர் அவற்றைப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கேள்வி, வெட்கத்துக்குரிய கேள்வியுங்கூட. அந்த இடப் பகுதியில் விழுக்காட்டுக் குறியாக்கம் செல்லாது. 2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு என்ற முற்றிலும் வேறான முறைதான் அங்கே ஆட்சி செய்கிறது. 'எக்ஸ்', 'என்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்தும் இரண்டு சிறு கோடுமாகத் தொடங்கும் புரியாத பெயராக நம் தமிழ்ப் பெயர் அங்கே மாறி நிற்கும்.

ஆக, ஒரே முகவரிக்குள் ஒரே தமிழ்ச் சொல் இடப் பகுதியில் ஒரு விதமாகவும் வழிப் பகுதியில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட வேண்டும். எது எந்தப் பகுதி என்று அறியாத சரம் இதை எப்படிச் செய்யும்? ஆங்கில எழுத்து மட்டுமே எழுதுகிறவனுக்கு இரண்டு பகுதியிலும் சொல் மாறாது. ஆதலால் 'சரமே போதும்' என்று அவனால் சொல்லிக்கொண்டிருக்க முடிகிறது. அவன் சொல்வது அவனளவில் சரிதான். நம்மளவில் அது சரியாகாது.

இன்னும் ஒன்று. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். எகரத்தின் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு சற்றும் தெரியாது. சரமாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. இடப் பகுதியில் இரண்டையும் ஒன்றாக்கும் விதி உண்டு. வழிப் பகுதியில் அத்தகைய விதி இல்லை. 'கொன்றை' என்று பெயரிட்ட கோப்பைத் தேடி, கண்முன்னே அது இருந்தும் கிடைக்காமல் அரைநாள் அலைந்த நண்பர் ஒருவர் நம் விடுதியிலேயே இருக்கிறார். வகை வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எந்தப் பகுதியில் சிக்கல் இருக்கிறதென்றாவது தெரியும்.

காவல் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2017இல் தைவான் நாட்டு ஆய்வாளர் ஆரஞ்சு சாய் ஒரு பெரும் மாநாட்டில் காட்டிய செய்தி இது. ஒரு நிரலில் முகவரியைச் சோதிக்கும் பகுதி ஒன்று. கொண்டுவரும் பகுதி இன்னொன்று. இரண்டும் அதே சரத்தைத் தனித்தனியே பிரித்துப் படிக்கின்றன. இரண்டு '@' குறிகளை வைத்துக் குழப்பமாக எழுதிய முகவரியில், காவலன் ஓர் இடத்தைப் படித்துவிட்டு 'போகலாம்' என்கிறான். வண்டியோட்டி வேறோர் இடத்தைப் படித்துவிட்டு அங்கே வண்டியை விடுகிறான். இருவர் கையிலும் ஒரே சீட்டு. ஒருமுறை பிரித்து, பிரித்ததையே இருவரும் பயன்படுத்தினால் இந்த ஏமாற்று எடுபடுமா?

இதற்கான வழியை ஒரு பழைய நூலகமே காட்டியிருக்கிறது. சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்கு 1998 முதல் வளர்த்துவரும் 'கர்ல்' என்பதை நிரல் பயில்வோர் அனைவரும் அறிவர். கைப்பேசியிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் மோட்டார் வாகனத்திலும் அது ஓடுகிறது. இருபதாண்டு காலம் அது முகவரியைச் சரமாகவே வாங்கிற்று. 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் முகவரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கையில் கொடுக்கும் வசதி சேர்ந்தது. டிசம்பரில் வந்த அடுத்த பதிப்பிலோ, அவ்வாறு பிரித்த முகவரியைச் சரமாக்காமல் நேராகவே நூலகத்திடம் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. எல்லாரையும் விடச் சிக்கனமான சி மொழியில் எழுதிய நூலகமே இதைச் செய்ததென்றால், மற்றவர்கள் 'கடினம்' என்று சொல்வதை எவ்வாறு ஏற்பது?

பைத்தான் மொழியிலும் கோப்புப் பாதை விஷயத்தில் இதே வரலாறு நடந்தது. பாதைக்கென்று தனி வகை 2014இல் வந்தது. வந்தும் பயன் குறைவு. அம்மொழியின் சொந்தச் செயற்கூறுகளே அதைப் பெற மறுத்து, 'சரமாக்கிக் கொண்டு வா' என்றன. பிரட் கேனனும் அவர் தோழரும் எழுதிய 519ஆம் முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2016இல் 3.6ஆம் பதிப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. வகையைப் படைத்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. நூலகங்கள் அதை வாயிலில் நிறுத்தாமல் உள்ளே விட வேண்டும். இணைய முகவரிக்கு அத்தகைய பொது உடன்பாடு பைத்தானில் இன்றும் இல்லை. ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று ஒரு வகை வைத்திருக்கிறது. ஒருவர் வகையை மற்றவரிடம் கொண்டுபோக வேண்டுமானால் நடுவில் சரமாக்கியாக வேண்டும். என் விழுக்காட்டுக் குறி இரட்டிப்பானது இத்தகைய நடுவழியில்தான்.

மறுப்போர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாண்டு மாணவன் மேற்கோள் குறிக்குள் முகவரியை எழுதி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து மகிழ்கிறான். அவனிடம் போய் 'முதலில் வகையைப் படி' என்று சொன்னால் ஓடிவிடுவான் என்பர். உண்மைதான். சரத்தை ஏற்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. டாட்நெட்டில் ஒரு விதி உண்டு: முகவரியைச் சரமாகப் பெறும் செயற்கூறு இருந்தால், அதனை முகவரி வகையாகப் பெறும் இணைச் செயற்கூறும் இருக்க வேண்டும், இல்லையேல் சரிபார்க்கும் கருவி எச்சரிக்கும். இது போதும். சரம் வந்தால் வாயிலிலேயே ஒருமுறை பிரித்து, பிழையிருந்தால் அங்கேயே சொல்லிவிட்டு, உள்ளே வகையாக மட்டும் நடமாட விடலாம்.

'எந்த இலக்கணத்தின்படி பிரிப்பது?' என்பது இதனினும் கூர்மையான கேள்வி. 2005ஆம் ஆண்டின் இலக்கணம் ஒன்று. உலாவிகளை எழுதுவோர் கூடி வகுத்த இலக்கணம் இன்னொன்று. பின்னோக்கிச் சாய்ந்த கோட்டை உலாவிகள் முன்னோக்கிய கோடாகவே கொள்ளும், மற்றது கொள்ளாது. இதைக் காட்டி வகையை மறுப்பவர்கள், சரத்தைக் கொடுத்தால் மட்டும் இச்சண்டை தீர்ந்துவிடுகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சண்டை தீர்வதில்லை; நிரலுக்குள் மறைந்துகொண்டு, நான் பார்க்காத வேளையில் நடக்கிறது. வகையைத் தேர்ந்தால் ஒரு தீர்ப்பையாவது நாமே தேர்ந்தவர்களாவோம்.

வகை என்ற பெயர் இருந்தால் போதுமா என்றால், போதாது. ஜாவா மொழியின் தொடக்கக் காலத்து முகவரி வகை இதற்குச் சான்று. இரண்டு முகவரிகள் ஒன்றா என்று கேட்டால், அது வலையில் சென்று இரண்டு இடப் பெயர்களும் ஒரே எண்ணுக்குச் சேர்கின்றனவா என்று விசாரித்துவிட்டு வரும். ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு குடும்பத்தாரை ஒரே குடும்பம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. 2023இல் வந்த இருபதாம் பதிப்பில் அவ்வகையை நேராக ஆக்கும் முறையை 'இனிப் பயன்படுத்தற்க' என்று அவர்களே குறித்துவிட்டனர், யூ.ஆர்.ஐ என்ற மற்ற வகை வழியாகச் செல்லச் சொல்கின்றனர்.

நம் மன்றத்து நிரலை இவ்விடுமுறையில் திருத்தி எழுதிவிட்டேன். தலைப்பு இப்போது வழியின் ஒரு துண்டாக மட்டுமே சேர்கிறது. எந்த இடத்திலும் கூட்டல் குறியால் முகவரி ஆக்கப்படுவதில்லை. திறக்காத இணைப்பை நிரல் தானே ஒதுக்காமல், ஆளைக் கூப்பிட்டுக் காட்டுகிறது. நம்முள் நிரல் எழுதும் தம்பி தங்கையர் அடுத்த ஆண்டு இதைப் பொறுப்பேற்கும்போது, 'இவ்வளவு எதற்கு, இரண்டு சரத்தைச் சேர்த்தால் ஒரு வரியில் முடிந்துவிடுமே' என்று தோன்றும். ஒரு வரியில்தான் நானும் முடித்தேன். நாம் பயன்படுத்தும் திறந்தமூல நூலகங்கள் முகவரி வகையை ஏற்கவில்லையாயின், அவற்றை ஆக்கியோருக்கு ஒரு வேண்டுகோள் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு தமிழ் முகவரியை உடன் வையுங்கள். நம்மைத் தவிர வேறு எவர் வைப்பார்?

'எங்கள் ஊர் எது?' இவ்விதழிலேயே வெளிவருகிறது. ஒரு போட்டியில் தோற்பதற்குரிய வாய்ப்பைக்கூட அந்தத் தங்கைக்கு நான் கொடுக்கவில்லை. படிக்கப்படுவதற்குரிய வாய்ப்பையாவது ஆசிரியர் குழு கொடுத்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் தலைப்பைச் சரிபார்த்தேன். கேள்விக்குறி இருக்கிறது.